ஆரிப் கானின் 45ஆம் இடம்: மோதல் நிலத்து வீரனை யார் வளர்க்கிறார்கள்?

2026 பெப்ரவரியில் இத்தாலியின் மிலானோ, கோர்ட்டினா நகரங்களில் நடந்த குளிர்கால ஒலிம்பிக்குக்கு இந்தியா தெரிவு செய்தது இரண்டே இரண்டு வீரர்களை. ஒருவர் லடாக்கைச் சேர்ந்த ஸ்டான்சின் லுண்டுப். மற்றவர் காஷ்மீரின் பாரமுல்லா மாவட்டத்தைச் சேர்ந்த ஆரிப் முஹம்மட் கான், மலைச்சரிவுப் பனிச்சறுக்கு வீரர். நான்கு ஆண்டுகளுக்கு முன், பீஜிங் 2022 போட்டிகளில், முழு இந்தியாவின் சார்பிலும் கலந்துகொண்ட ஒரேயொரு வீரர் அவர்தான்.

பனியே பெய்யாத நாட்டில் வாழும் நமக்கு இந்த விளையாட்டு தூரத்துச் செய்தி. இலங்கை இதுவரை குளிர்கால ஒலிம்பிக்கில் பங்குபற்றியதே இல்லை. ஆனாலும் ஆரிப் கானின் கதையில் நமக்குப் பழக்கமான ஒன்று இருக்கிறது. முப்பது ஆண்டுகளுக்கு மேலாக ஆயுத மோதலுக்குள் இருக்கும் நிலத்தில் பிறந்த ஒருவர், அந்த நிலத்தின் மக்களுக்கும் அரசுக்கும் இடையில் தீராத கணக்கு இருக்கும்போதே, அந்த அரசின் கொடியை ஏந்தி உலகின் முன் நடக்கிறார். அவரைக் கொண்டாடுவதா, சந்தேகிப்பதா என்ற கேள்வி காஷ்மீரில் எழுவதைப் போலவே வடக்கு, கிழக்கிலும் மலையகத்திலும் நம் வீரர்களைப் பற்றி எழுந்திருக்கிறது. அந்தக் கேள்விக்கு முன்னால் கேட்க வேண்டிய வேறொரு கேள்வி இருக்கிறது: கொடி கைக்கு வருவதற்கு முந்திய இருபது ஆண்டுகள் அந்த வீரரை யார் தாங்கினார்கள்?

கடையிலிருந்து தொடங்கிய பயணம்

ஆரிப் கான் 1990 மார்ச்சில் தங்மார்க் பகுதியின் ஹாஜிபல் கிராமத்தில் பிறந்தார். காஷ்மீரில் ஆயுதக் கிளர்ச்சி வெடித்து சில மாதங்களே ஆன காலம் அது. தங்மார்க்கிலிருந்து மேலே ஏறினால் குல்மார்க். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,650 மீற்றர் உயரத்தில் இருக்கும் அந்த மலைவெளியில் பிரித்தானியர் காலத்திலேயே பனிச்சறுக்கு தொடங்கிவிட்டது. 1927இல் பிரித்தானிய அதிகாரிகள் அங்கே ஒரு பனிச்சறுக்குக் கழகத்தை அமைத்தார்கள். சுதந்திரத்துக்குப் பின்னர் இந்திய இராணுவம் அங்கே தனது பனிச்சறுக்குப் பள்ளியை நிறுவியது. உயர்மலைப் போர்ப் பயிற்சிப் பள்ளியாக அது இன்றும் இயங்குகிறது. இந்தியாவையும் பாகிஸ்தானையும் பிரிக்கும் கட்டுப்பாட்டு எல்லைக்கோடும் அங்கிருந்து தூரமில்லை. ஆக, குல்மார்க்கில் பனியும் இராணுவமும் சுற்றுலாவும் ஒரே இடத்தில் வாழ்கின்றன.

ஆரிப்பின் தந்தை யாசீன் கான் அங்கே சுற்றுலாப் பயணிகளுக்குப் பனிச்சறுக்கு உபகரணங்கள் வழங்கும் கடை வைத்திருந்தார். நான்கு வயதில் மகனைப் பலகையில் ஏற்றியவர் அவரே. 12 வயதில் தேசிய மட்டப் போட்டியில் ஆரிப் தங்கம் வென்றார். 2011இல் உத்தரகண்டில் நடந்த தெற்காசிய குளிர்கால விளையாட்டில் சிலாலம், ஜயன்ட் சிலாலம் என்ற இரண்டு பிரிவுகளிலும் தங்கம் வென்றார். பின்னர் உலக சம்பியன்ஷிப் போட்டிகளிலும் பலமுறை கலந்துகொண்டார்.

இந்த இரண்டு பிரிவுகளும் என்னவென்று சுருக்கமாகச் சொன்னால்: பனி மூடிய செங்குத்தான சரிவில் கம்பங்கள் நடப்பட்டிருக்கும். அவற்றுக்கு இடையே வளைந்து வளைந்து கீழே இறங்க வேண்டும். ஒரு கம்பத்தைத் தவறவிட்டாலும் ஓட்டம் செல்லாது. இரண்டு ஓட்டங்களின் நேரத்தையும் கூட்டி வெற்றியாளரைத் தீர்மானிப்பார்கள். சிலாலத்தில் கம்பங்கள் நெருக்கமாக இருக்கும். ஜயன்ட் சிலாலத்தில் இடைவெளி அதிகம், வேகமும் அதிகம்.

செலவு எங்கே இருக்கிறது?

ஓடுவதற்குச் சப்பாத்தும் வீதியும் போதும் என்று சொல்லலாம். பனிச்சறுக்குப் பந்தயம் அப்படிப்பட்டதல்ல. ஒரு சோடிப் பந்தயப் பலகையின் விலையே இலங்கைக் காசில் இலட்சக்கணக்கில் வரும். ஒவ்வொரு பிரிவுக்கும் தனித்தனிப் பலகை வேண்டும். அதைவிடப் பெரிய செலவு புள்ளிகளைச் சேர்ப்பது. ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற, சர்வதேச சம்மேளனம் அங்கீகரித்த பந்தயங்களில் ஓடி, முன்னணி வீரர்களின் நேரத்துக்கு எவ்வளவு அருகில் வந்தோம் என்பதைக் காட்ட வேண்டும். அந்தப் பந்தயங்களில் பெரும்பாலானவை ஐரோப்பாவில் நடக்கின்றன. விமானச் சீட்டு, விசா, தங்குமிடம், பயிற்றுநர், மலையில் ஏறும் கம்பிவடச் சீட்டு என்று பருவம் முழுவதும் பணம் கரையும்.

ஒஸ்திரியாவிலோ சுவிற்சர்லாந்திலோ பிறந்த ஒரு பிள்ளைக்குப் பந்தயம் வீட்டுவாசலில் இருக்கிறது. கழகம், பாடசாலை, மாகாணம், தேசிய சம்மேளனம், அனுசரணை நிறுவனம் என்று ஏணி வரிசையாக நிற்கிறது. எட்டு ஆண்டுகள் தொடர்ந்து உலகக் கிண்ணத்தின் ஒட்டுமொத்தப் பட்டத்தை வென்ற ஒஸ்திரியாவின் மார்செல் ஹிர்ஷரும், உலகக் கிண்ணப் போட்டிகளில் 100 வெற்றிகளை 2025இல் எட்டிய அமெரிக்காவின் மிக்கேலா ஷிஃப்ரினும் அபாரமான திறமைசாலிகள். அந்தத் திறமை ஒருநாளும் பட்டினி கிடக்காமல் பார்த்துக்கொண்ட ஒரு அமைப்பும் அவர்களுக்குப் பின்னால் இருந்தது.

ஆரிப் கானுக்கு அந்த ஏணி இல்லை. 2018இல் தென்கொரியாவின் பியொங்சாங்கில் நடந்த ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற முயன்றபோது, பந்தயங்களுக்குப் போகப் பொதுமக்களிடம் நிதி திரட்ட வேண்டியிருந்தது. போதிய பணம் சேரவில்லை, வாய்ப்புத் தவறியது. அப்போது அவருக்கு 28 வயது நெருங்கிக்கொண்டிருந்தது. ஒரு பந்தய வீரரின் உடல் உச்சத்தில் இருக்கும் காலம் அது. இழந்த அந்த நான்கு ஆண்டுகளைப் பின்னர் எந்த அனுசரணையாலும் வாங்கித்தர முடியாது.

2019 ஓகஸ்ட் 5ஆம் திகதி இந்திய அரசு காஷ்மீரின் சிறப்பு அந்தஸ்தை நீக்கியது. தொலைபேசியும் இணையமும் துண்டிக்கப்பட்டன. கைத்தொலைபேசிகளில் அதிவேக இணையம் முழுமையாகத் திரும்பியது 2021 பெப்ரவரியில். அதாவது பதினெட்டு மாதங்கள். அதற்கு நடுவில் கொரோனா முடக்கமும் வந்தது. குல்மார்க்கில் சுற்றுலாவை நம்பி வாழ்ந்த குடும்பங்களுக்கு வருமானம் நின்றது. கடை, பயணிகள், வழிகாட்டி வேலை என்ற அந்தப் பொருளாதாரத்திலிருந்துதான் பள்ளத்தாக்கின் பனிச்சறுக்கு வீரர்கள் உருவாகிறார்கள்.

அந்தச் சூழலில் இருந்து வந்தவர், 2021 நவம்பரில் டுபாயில், கூரைக்குக் கீழே செயற்கைப் பனி கொட்டிய சரிவில் ஓடி சிலாலத்துக்குத் தகுதி பெற்றார். அடுத்த மாதம் மொன்ரினீக்ரோவில் ஜயன்ட் சிலாலத்துக்கும் தகுதி பெற்றார். ஒரே குளிர்கால ஒலிம்பிக்கில் இரண்டு பிரிவுகளுக்குத் தகுதி பெற்ற முதல் இந்தியர் என்ற பெயர் அவருக்குக் கிடைத்தது. அதன் பின்னரே, 2022 ஜனவரியில், இந்திய அரசின் ஒலிம்பிக் உதவித் திட்டத்திலிருந்து ஏறத்தாழ 17 இலட்சம் இந்திய ரூபா ஒதுக்கப்பட்டது. போட்டிகள் தொடங்குவதற்குச் சில வாரங்களே இருந்தன.

பீஜிங்கில் ஜயன்ட் சிலாலத்தில் அவர் பெற்றது 45ஆம் இடம். தங்கம் வென்ற சுவிற்சர்லாந்தின் மார்கோ ஒடர்மட்டை விட 37.89 வினாடிகள் பின்னால். பனிமூட்டமும் புதுப்பனியும் சேர்ந்த அன்றைய மலையில், புறப்பட்டவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் ஓட்டத்தை முடிக்கவே இல்லை. மூன்று நாள் கழித்து நடந்த சிலாலத்தில் அவரும் முடிக்கவில்லை. பட்டியலை மட்டும் பார்ப்பவருக்கு இது சிறிய எண். 37.89 வினாடிகளில் எவ்வளவு அவருடைய கால்களின் குறை, எவ்வளவு தவறிப்போன பருவங்களின் குறை என்று பிரித்துப் பார்த்தால்தான் அந்த எண்ணின் பொருள் தெரியும்.

கொடியைத் தூக்கும் கை

பீஜிங்கில் இன்னொன்றும் நடந்தது. 2020இல் கல்வான் பள்ளத்தாக்கில் இந்திய, சீனப் படைகள் மோதின. அந்த மோதலில் காயமடைந்த சீன அதிகாரி ஒருவரை ஒலிம்பிக் தீபம் ஏந்த வைத்தது சீனா. இதற்கு எதிர்ப்பாக, தொடக்க விழாவிலும் நிறைவு விழாவிலும் இராஜதந்திரிகள் கலந்துகொள்ளமாட்டார்கள் என்று இந்தியா அறிவித்தது. அரச தொலைக்காட்சி அந்த விழாக்களை ஒளிபரப்பவில்லை. எனவே இந்திய இராஜதந்திரிகள் விலகி நின்ற மைதானத்தில், இந்தியக் கொடியை ஏந்தி நடந்தவர் ஒரு காஷ்மீரி. இரண்டு பெரிய அரசுகளின் சண்டைக்கு நடுவில், இந்தியாவும் பாகிஸ்தானும் உரிமை கோரும் பிரதேசத்தின் பிள்ளை.

டில்லிக்கு அந்தப் படம் பயன்பட்டது. காஷ்மீர் வழமைக்குத் திரும்பிவிட்டது என்ற கதைக்கு அது சாட்சியமானது. ஆரிப் கான் பொதுவெளியில் பெரும்பாலும் பனியைப் பற்றியும் பயிற்சியைப் பற்றியும் பேசுபவர். மோதல் நிலத்தில் வாழ்ந்தவர்களுக்கு அப்படிப் பேசுவதன் காரணம் விளங்கும். ஒரு சொல் கூடினால் ஒரு தரப்புக்குத் துரோகி, ஒரு சொல் குறைந்தால் மறு தரப்புக்குத் துரோகி. வீட்டில் இருப்பவர்களும் அதே ஊரில்தான் வாழ வேண்டும்.

நமது வரலாற்றில் இதைவிடக் கூர்மையான ஓர் உதாரணம் இருக்கிறது. 1958ஆம் ஆண்டு டோக்கியோவில் ஆசிய விளையாட்டு விழா மே 24 முதல் ஜூன் 1 வரை நடந்தது. யாழ்ப்பாணத்தின் நாகலிங்கம் எதிர்வீரசிங்கம் உயரம் பாய்தலில் 2.03 மீற்றர் தாண்டித் தங்கம் வென்றார். ஆசிய விளையாட்டு விழாவில் இலங்கை பெற்ற முதலாவது தங்கம் அது. அதே நாட்களில்தான் நாட்டின் தெற்கில் தமிழர்கள் வீதிகளிலும் தொடருந்துகளிலும் தாக்கப்பட்டார்கள். மே 27இல் அவசரகாலச் சட்டம் கொண்டுவரப்பட்டது. நாட்டுக்கு முதல் தங்கம் கிடைத்த வாரமும் தமிழர்கள் அகதி முகாம்களில் அடைந்த வாரமும் ஒன்றே. அந்தத் தங்கத்தால் ஒரு வீடும் எரியாமல் தப்பவில்லை. அதற்காக அந்தப் பாய்ச்சலின் உயரம் குறைந்தும் விடவில்லை.

ஆகவே வீரர் பெற்ற வெற்றியையும் அந்த வெற்றியை அரசு பயன்படுத்தும் விதத்தையும் நாம் தனித்தனியே எடைபோட வேண்டும். அமைதியாக இருக்கும் வீரரையும், அதிகாரத்துக்காகக் குரல் கொடுக்கும் வீரரையும் கூட ஒரே தராசில் வைக்கத் தேவையில்லை. முத்தையா முரளிதரனின் வாழ்க்கையைத் தழுவிய திரைப்படத்திலிருந்து நடிகர் விஜய் சேதுபதி 2020இல் விலகும் அளவுக்கு எதிர்ப்பு எழுந்தது அவருடைய அரசியல் கருத்துகளுக்காக. அந்தக் கருத்துகளை விமர்சிக்க நமக்கு உரிமை உண்டு. அவர் வீழ்த்திய 800 டெஸ்ட் விக்கெட்டுகளை மறுக்கும் தேவை அந்த விமர்சனத்துக்கு இல்லை.

சபரகமுவவின் சரிவுகள்

இனி இந்தக் கணக்கை நமது மலைகளில் ஒன்றுக்குக் கொண்டுவருவோம். கேகாலை மாவட்டத்தின் தெஹியோவிட்ட, அவிசாவளையிலிருந்து தெரணியகலைக்குப் போகும் பாதையில் இருக்கிறது. சுற்றிலும் இறப்பர் தோட்டங்களும் தாழ்நிலத் தேயிலையும். நுவரெலியாவைப் போல இங்கே மலையகத் தமிழர் பெரும் எண்ணிக்கையில் இல்லை. சிங்களக் கிராமங்களுக்கு இடையே தோட்டம் தோட்டமாகச் சிதறி வாழும் சிறுபான்மையினர் அவர்கள். அதனால் தேர்தலிலும் அவர்களுடைய குரல் மெலிது, ஊடகத்திலும் மெலிது.

வடக்கில் வாழும் வாசகர்களுக்கு இந்த ஊர்கள் அந்நியமானவை அல்ல. 1977 வன்செயலிலும், 1981 ஓகஸ்டில் இரத்தினபுரித் தோட்டங்கள் தாக்கப்பட்டபோதும், 1983இலும் சபரகமுவவிலிருந்து வெளியேறிய குடும்பங்கள் வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் காடு வெட்டிக் குடியேறின. பாதுகாப்புத் தேடிப் போன அதே மக்கள் பின்னர் வன்னிப் போரின் முழுச் சுமையையும் தாங்கினார்கள். இன்று வன்னியில் இருக்கும் பல வீடுகளின் பெரியவர்களுக்குச் சொந்த ஊர் ஏதோ ஒரு சபரகமுவத் தோட்டம்தான்.

குல்மார்க்கில் சரிவு பிழைப்பைத் தருகிறது. கேகாலையில் சரிவு என்றால் மழைக்காலத்துப் பயம். 2016 மே மாதம் அரநாயக்கவிலும் புளத்கொஹுப்பிட்டியவின் களுப்பஹன தோட்டத்திலும் மண் சரிந்து மக்கள் புதைந்தார்கள். 2025 நவம்பரில் டித்வா புயல் மீண்டும் மலைகளைப் பெயர்த்தது. அந்தச் சரிவில் உள்ள லயன் வீட்டில் வளரும் பிள்ளை, காலையில் மேடேறிப் பாடசாலைக்குப் போய் மாலையில் இறங்கி வருகிறது. நெஞ்சுரமும் கால்பலமும் அந்தப் பிள்ளைகளிடம் இருப்பதைத் தோட்டத்து விளையாட்டுப் போட்டியைப் பார்த்த எவரும் அறிவார்.

அந்தப் பலம் எங்கே தடுக்கப்படுகிறது? முதலாவது, நிலம். 1992இல் தோட்டங்களின் நிர்வாகம் பிராந்தியக் கம்பனிகளிடம் போனது. மலைச்சரிவில் கிடைக்கும் சமதரை கொஞ்சம். அதிலும் தொழிலாளர் குடும்பங்களுக்கு உரிமை இல்லை. பிள்ளைகள் விளையாடும் தரை நிர்வாகத்தின் தயவில் இருக்கிறது. இரண்டாவது, காசு. 2024 செப்டெம்பரில் 1,350 ரூபாவாக உயர்த்தப்பட்ட அடிப்படை நாட்சம்பளத்தை 1,550 ரூபாவாக்கவும், வருகைக் கொடுப்பனவாக அரசு 200 ரூபா சேர்க்கவும் 2026க்கான வரவு செலவுத் திட்டத்தில் முன்மொழியப்பட்டது. மழை பெய்தால் பால் வெட்ட முடியாது, வேலை இல்லாத நாளுக்குப் பேரும் விழாது. மாகாணப் போட்டிக்குப் பிள்ளையை அனுப்பப் பெற்றோரில் ஒருவர் ஒருநாள் பேரை இழக்க வேண்டும். சப்பாத்து, பஸ் காசு, சாப்பாடு எல்லாம் அதற்கு மேல்.

மூன்றாவது, ஏணி. நாட்டின் முன்னணி மெய்வல்லுநர்கள் பலர் முப்படைகளின் விளையாட்டுக் கழகங்களைச் சேர்ந்தவர்கள். சம்பளம், உணவு, பயிற்சி, போட்டிப் பயணம் ஆகிய நான்கையும் ஒன்றாகத் தரும் இடங்களில் முதன்மையானது படைதான். காஷ்மீரிலும் பனி விளையாட்டில் இராணுவ அணிகளின் செல்வாக்குப் பெரியது. போரில் பிள்ளையை இழந்த, காணாமலாக்கப்பட்ட மகனைத் தேடும் குடும்பத்திடம், உங்கள் இளைய பிள்ளைக்கு விளையாட்டில் எதிர்காலம் வேண்டுமானால் சீருடை அணியச் சொல்லுங்கள் என்று எப்படிச் சொல்வது? அந்தப் பாதை சட்டத்தில் திறந்திருந்தாலும் வாழ்க்கையில் மூடியிருக்கிறது. அதற்கு ஈடான சிவில் பாதை ஒன்றை எந்த அரசும் அமைக்கவில்லை.

இத்தனையையும் மீறி வந்தவர்கள் இருக்கிறார்கள். யாழ்ப்பாணத்தின் தர்ஜினி சிவலிங்கம் 2018இல் ஆசிய வலைப்பந்தாட்டக் கிண்ணம் வென்ற அணியின் முதுகெலும்பாக இருந்தார். 2019இல் லிவர்பூலில் நடந்த உலகக் கிண்ணத்தில் அதிக கோல்களைப் போட்டவர் அவரே. ஆனால் விதிவிலக்குகளை வைத்து விதியை மறைக்கக் கூடாது. தோட்டத் தொழிலுக்காக இந்தியாவிலிருந்து வந்தவரின் பேரன் முரளிதரன். அவர் பந்தைக் கையில் எடுத்தபோது குடும்பத்துக்குச் சொந்தமாக ஒரு பிஸ்கட் தொழில் இருந்தது, கண்டியில் பெயர்பெற்ற ஒரு கல்லூரி இருந்தது. ஆரிப் கானுக்குத் தந்தையின் கடை. கடையும் இல்லாத லயன் வீட்டுப் பிள்ளைக்கு யார்?

கேட்க வேண்டியது என்ன?

தெஹியோவிட்டவுக்கு அயலில் கித்துல்கலை இருக்கிறது. களனி கங்கையின் பாய்ச்சலில் சுற்றுலாப் பயணிகளைப் படகில் ஏற்றிச் செல்வது அங்கே ஒரு தொழிலாகவே வளர்ந்துவிட்டது. குல்மார்க்கில் பனி எப்படியோ, கித்துல்கலையில் ஆறு அப்படி. சுற்றுலா வரும் இடத்தில் விளையாட்டு அறிவும் வளரும் என்பதற்கு அது சான்று. ஆனால் அந்த வருமானத்திலும் பயிற்சியிலும் தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் பங்கு கிடைக்கும்படி யாரும் திட்டமிடவில்லை.

இங்கே கோரிக்கைகள் பெரியவை அல்ல. தோட்டத்துக்கு ஒரு விளையாட்டுத் தரையையாவது கம்பனியின் குத்தகையிலிருந்து விடுவித்து, பிரதேச சபையின் பொறுப்பில் மக்களிடம் கொடுக்கலாம். வலய மட்டத்தில் வெற்றி பெறும் பிள்ளைக்கும் துணைபோகும் பெற்றோருக்கும் மாகாண விளையாட்டுத் திணைக்களம் பயணச் செலவையும் அன்றைய சம்பளத்தையும் வழங்கலாம். வெற்றிக்குப் பிறகு கொடுக்கும் பரிசுக் காசில் ஒரு பகுதியை முன்கூட்டியே, பதினைந்து வயதுப் பிள்ளைகளுக்கு மூன்றாண்டு உதவியாக மாற்றலாம். இவற்றுக்குப் புதிய அமைச்சு தேவையில்லை.

புலம்பெயர்ந்தவர்களிடமும் ஒரு வார்த்தை. யாழ்ப்பாணத்தின் பெரிய கல்லூரிகளுக்கு இலண்டனிலும் ரொறன்ரோவிலும் பழைய மாணவர் சங்கங்கள் இருக்கின்றன. மைதானம் திருத்தவும் பயிற்றுநரை அமர்த்தவும் அவை உதவுகின்றன, நல்லது. கேகாலை மாவட்டத் தோட்டப் பாடசாலைகளுக்கு அப்படிக் கடல் கடந்து நிற்கும் பழைய மாணவர்கள் மிகக் குறைவு. வன்னியில் இருக்கும் சபரகமுவ வம்சாவளிக் குடும்பங்களின் பிள்ளைகளுக்கும் அதே நிலை. இழப்பில் ஒன்றாக இருந்தவர்களுக்கு உதவியில் மட்டும் ஊர் பார்ப்பது நியாயமில்லை.

ஆரிப் கானுக்கு இப்போது வயது கூடுகிறது. குல்மார்க்கிலும் பனி நம்பகமாக இல்லை: 2024 ஜனவரியில் சரிவுகள் வெறும் மண்ணாகக் கிடந்தன, 2025இல் தேசிய குளிர்காலப் போட்டியைப் பனி இல்லாமல் ஒத்திவைத்தார்கள். அவருக்குப் பின் வரும் காஷ்மீர்ப் பிள்ளைகளுக்கு ஏணி அமைந்ததா, இல்லையா என்பதுதான் அவரது ஓட்டத்தின் பயனைத் தீர்மானிக்கும். நமது நாட்டிலும் அடுத்த முறை ஒரு தமிழ்ப் பெயர் பதக்கப் பட்டியலில் வரும்போது அமைச்சர்கள் மாலையோடு வருவார்கள். அந்தப் பிள்ளை முதன்முதலில் வலயப் போட்டிக்குப் போன நாளில் பஸ் காசை யார் கொடுத்தார்கள் என்று அவர்களிடம் கேட்போம்.